சீர் கொடுப்பவர் யார்?

தமிழில் 'சீர்' என்ற சொல்லுக்குப் பல பொருள் உண்டு. ஒழுங்கு என்பது ஒன்று. அழகு, செம்மை என்பது இன்னொன்று. செய்யுளில் அசை சேர்ந்து அமைவதும் சீர்தான். வீட்டில் புழங்கும் பொருள் வேறு. காதுகுத்துக்குத் தாய்மாமன் தட்டில் வைத்துக் கொண்டுவருவது சீர். பொங்கலுக்குப் பிறந்த வீட்டிலிருந்து வருவதும் சீர். அதாவது, கொடுப்பது. 'சீருடை' என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர்கள் 'யூனிஃபார்ம்' என்பதில் உள்ள ஒழுங்கை நினைத்துத்தான் கொண்டுவந்திருப்பார்கள். ஆனால் தமிழ்நாட்டுப் பள்ளிச் சீருடையின் கதையைப் பார்த்தால், கொடுப்பது என்ற பொருளும் அதற்குள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. இந்த இரண்டு சீர்களுக்கும் நடுவே இருக்கும் பிணக்கைத்தான் இங்கே பேச நினைக்கிறேன்.

ஒவ்வொரு ஜூனிலும் பள்ளிக்கூடம் திறக்கும்போது சீருடை பற்றிய விவாதமும் கூடவே திறந்துகொள்கிறது. ஒரு தரப்பு சொல்லும்: சீருடை இருந்தால்தான் பணக்காரப் பிள்ளை, ஏழைப் பிள்ளை என்ற பேதம் தெரியாது, பிள்ளைகளுக்கு ஒழுக்கம் வரும். மறுதரப்பு சொல்லும்: எல்லாரையும் ஒரே அச்சில் வார்ப்பது பட்டாளத்து வேலை, பிள்ளைகள் என்ன செங்கல்லா? இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டு தரப்பும் ஒன்றைத் தாண்டிப் போய்விடுகின்றன. சீருடை வேறு, சீருடை விதி வேறு. முன்னது ஒரு துணி. பின்னது, அந்தத் துணி இல்லாமலோ கசங்கியோ குட்டையாகவோ வந்து நிற்கும் பிள்ளையை என்ன செய்வது என்பது. துணியைப் பற்றி நமக்குள் பெரிய சண்டை வேண்டியதில்லை. சண்டை போட வேண்டியது விதியோடுதான்.

கொடுத்த துணி

சீருடை என்றதும் பட்டாளம்தான் நினைவுக்கு வரும். பள்ளிச் சீருடையைப் பொறுத்தவரை அது தர்மத்தில் பிறந்தது என்பதே சரி. லண்டனில் 1552-இல் ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்ட கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிடல் என்ற பள்ளி, தன் பிள்ளைகளுக்கு நீண்ட நீல அங்கியையும் மஞ்சள் காலுறையையும் கொடுத்தது. பள்ளிச் சீருடையின் மூத்த உதாரணமாக அதைத்தான் காட்டுவார்கள். நீலச் சாயம் மலிவு என்பதால் அந்த நிறம் என்று சொல்வதுண்டு. தெருவில் நடந்து போனால் தர்மத்துப் பிள்ளை என்று தெரியும். பிற்காலத்தில் ஈட்டன், ஹாரோ மாதிரியான செல்வந்தர் பள்ளிகள் தங்களுக்கென்று உடை வகுத்துக்கொண்டபோது, அதே ஒரே மாதிரி உடை அந்தஸ்தின் அடையாளமாக மாறிவிட்டது. ஒன்று கொடுத்த உடை, மற்றது விலைக்கு வாங்கிய உடை.

தமிழ்நாட்டுக்கு இரண்டுமே வந்து சேர்ந்தன. 1956-இல் பள்ளிக்கூடத்துக்கு மதிய உணவைக் கொண்டுவந்த காமராஜர் காலத்திலேயே, கல்வித் துறைக்குத் தலைமை வகித்த நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்க்காரர்கள் கரும்பலகை கொடுத்தார்கள், பெஞ்சு கொடுத்தார்கள், சில இடங்களில் நிலம் கொடுத்தார்கள். பிள்ளைகளுக்குச் சீருடைத் துணியும் கொடுத்தார்கள். சோறு இல்லை என்று ஒரு பிள்ளை வீட்டில் நின்றுவிடக் கூடாது என்பதன் அடுத்த படி, சட்டை இல்லை என்றும் நின்றுவிடக் கூடாது என்பது. எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1982-இல் சத்துணவு, 1985-இல் சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு ஒரு செட் இலவசச் சீருடை. 2012-13 கல்வியாண்டிலிருந்து அது நான்கு செட்.

ஒன்றுக்கும் நான்குக்கும் உள்ள வித்தியாசத்தைத் துணி துவைக்கிறவர்களிடம் கேட்க வேண்டும். ஒரே ஒரு செட் என்றால் சாயங்காலம் பிள்ளை வந்ததும் கழற்றி, ராத்திரியே அலசி, அடுப்படிக் கொடியில் போட்டு, காலையில் ஈரம் போகாத காலரோடு மாட்டி அனுப்ப வேண்டும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் அதுவும் நடக்காது. "கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்று சொல்லிவிடலாம். கசக்கிய கந்தை காய்கிற வரைக்கும் எதைக் கட்டுவது என்பதற்குப் பழமொழியில் பதில் இல்லை. மூன்று செட்டைக் கூடுதலாகக் கொடுத்தது அந்தக் கேள்விக்கான பதில்.

இந்தத் துணிக்குப் பின்னால் இன்னொரு வேலையும் நடக்கிறது. கைத்தறி, விசைத்தறிக் கூட்டுறவுச் சங்கங்கள் நெய்கின்றன. சமூகநலத் துறையின் கீழுள்ள மகளிர் தையல் தொழிற் கூட்டுறவுச் சங்கங்களில் பெண்கள் தைக்கிறார்கள். ஒரு ஊரின் பிள்ளை உடுத்தும் சட்டை இன்னொரு ஊரின் அம்மாவுக்குக் கூலி. அளவு சரியாக வராது, ஜூன் தாண்டி வரும், துணி முரடு என்று நெடுநாள் குறைகள் உண்டு, அவை நியாயமானவையும்கூட. இருந்தாலும் சீருடைக்கு ஒரு நியாயம் உண்டு என்றால் அதை இங்கேதான் தேட வேண்டும். இலங்கையிலும் 1993-லிருந்து அரசு மாணவர்களுக்குச் சீருடைத் துணியைக் கொடுத்துவருகிறது. நாடு பொருளாதார நெருக்கடியில் விழுந்த பிறகும் கொடுப்பதை நிறுத்திவிட முடியவில்லை. 2023-ஆம் ஆண்டுக்கான துணியில் பெரும்பகுதி சீனாவின் நன்கொடையாக வந்தது. விதித்தவன் கொடுத்தாக வேண்டும் என்ற குறைந்தபட்ச அறம் அது.

இனி இடறுகிற இடத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் இலவசச் சீருடை 1 முதல் 8-ஆம் வகுப்பு வரை, அதுவும் சத்துணவுத் திட்டத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு. சத்துணவே 10-ஆம் வகுப்பு வரை உண்டு. சீருடை 8-ஓடு நின்றுவிடுகிறது. ஒன்பதாம் வகுப்பில் கால் வைத்ததும் துணி கிடையாது, விதி மட்டும் உண்டு. அந்த வயதில்தான் பிள்ளை திடீரென்று வளர்கிறது. ஜூனில் எடுத்த பேன்ட் ஜனவரியில் கணுக்காலுக்கு மேலே ஏறி நிற்கும். "வளர்ற பிள்ள, கொஞ்சம் லூசாவே எடுங்கண்ணே" என்று ஜவுளிக்கடையில் கேட்காத அம்மா உண்டா? வேலைக்குப் போகலாமா, படிப்பைத் தொடரலாமா என்று பல வீடுகளில் முடிவாகும் வயதும் அதுதான். அந்த வாசற்படியில் வைத்துச் சீர் கொடுப்பதை நிறுத்திவிட்டு, சீர் கேட்கத் தொடங்குகிறோம்.

டைரியை வாசித்தல்

விலைக்கு வாங்கும் சீருடையின் இலக்கியம் பள்ளி டைரி. தனியார் பள்ளிகளில் ஆண்டுத் தொடக்கத்தில் கொடுக்கும் அந்தக் கெட்டி அட்டைப் புத்தகத்தின் முதல் சில பக்கங்களைப் பெற்றோர் கையெழுத்துப் போடுவதற்காக மட்டும் புரட்டுகிறோம். ஒருமுறை நிதானமாக, ஒரு கதையை வாசிப்பது போல வாசித்துப் பாருங்கள். பெயர்கள் மாறினாலும் வாசகம் பெரும்பாலும் ஒன்றுதான். கறுப்பு லெதர் ஷூ, திங்கள் முதல் வியாழன் வரை. வெள்ளைக் கேன்வாஸ் ஷூ, வெள்ளிக்கிழமை. பள்ளி முத்திரை பொறித்த பெல்ட். டை. ஹவுஸ் நிற டி-ஷர்ட். பெண்பிள்ளைகளுக்கு இரட்டைச் சடை, இந்த நிற ரிப்பன். வளையல் கூடாது, மருதாணி கூடாது, பூ கூடாது. பையன்களுக்கு ஒட்ட வெட்டிய முடி. மீறினால் வகுப்பில் அனுமதி இல்லை.

இந்தப் பக்கங்களின் இலக்கணத்தைக் கவனிக்க வேண்டும். வாக்கியங்கள் எல்லாம் 'கூடாது', 'வேண்டும்', 'அனுமதிக்கப்பட மாட்டார்கள்' என்று முடிகின்றன. பள்ளி என்ன செய்யும் என்று ஒரு வாக்கியமும் இருக்காது. குடிதண்ணீர் இருக்கும், கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இருக்கும், ஜூன் மாத வெயிலில் டை கட்டச் சொன்னால் மின்விசிறி ஓடும் என்றெல்லாம் பள்ளி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதில்லை. ஒப்பந்தம் என்ற பெயரில் வருவது ஒருபக்கத்துப் பத்திரம். அதில் எழுவாயாக வருவது எப்போதும் பிள்ளை. பயனிலை எப்போதும் தண்டனை.

சென்னையில் பள்ளி திறக்கும் நாட்களில் வெயில் சில ஆண்டு நாற்பது டிகிரியைத் தொடுகிறது. அந்த வெயிலில் காலுறை, ஷூ, பெல்ட், கழுத்தில் பாலியஸ்டர் டை. இந்த உடுப்பு குளிர்நாட்டிலிருந்து வந்தது என்பது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் தொடர்வதற்குக் காரணம் எளிது. பள்ளி வேன் நிற்கும் தெருமுனையில் அந்த டை ஒரு விளம்பரம். "எம்புள்ள இங்கிலீஷ் மீடியம்" என்பதை வாய் திறக்காமல் சொல்லிவிடும். கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிடல் பிள்ளையை நீல அங்கி காட்டிக்கொடுத்தது போல, அரசுப் பள்ளிப் பிள்ளையையும் மெட்ரிக் பள்ளிப் பிள்ளையையும் சீருடைதான் தெருவில் காட்டிக்கொடுக்கிறது. ஒரு பள்ளிக்குள் பேதத்தை மறைக்கிற துணியே, ஊருக்குள் பேதத்தைப் பறைசாற்றுகிறது. சீருடை சமத்துவம் தரும் என்று பேசுகிறவர்கள் பள்ளிக் கேட்டுக்குள்ளேயே நின்று பேசுகிறார்கள். கேட்டுக்கு வெளியே வந்து பார்ப்பதில்லை.

பணம் எங்கே போகிறது என்பதும் டைரியில் இல்லாத விஷயம். பள்ளி வளாகத்திலேயே கவுண்டர் வைத்து, அல்லது ஒரு கடையைக் காட்டி, அங்கேதான் வாங்க வேண்டும் என்பது நாம் எல்லோரும் பார்த்ததுதான். 2017 ஏப்ரலில் சி.பி.எஸ்.இ. தன் பள்ளிகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது: புத்தகம், நோட்டு, சீருடை விற்கிற வியாபாரத்தை வளாகத்தில் நடத்தாதீர்கள் என்று. சுற்றறிக்கை அனுப்ப வேண்டியிருந்தது என்பதிலிருந்தே நிலவரம் புரியும். சீருடையின் தாய்வீடான இங்கிலாந்திலும் இதே தலைவலிதான். அங்கே 2021-இல் சீருடைச் செலவைக் குறைப்பதற்கென்றே ஒரு சட்டம் போட்டார்கள். முத்திரை பொறித்த உருப்படிகளைக் குறைக்க வேண்டும், எந்தக் கடையிலும் கிடைக்கிற சாதாரண உடுப்பைப் போட அனுமதிக்க வேண்டும் என்பது அதன் சாரம். விதிக்கிறவர்மேல் விதி போடும் சட்டம் அது. நம் விவாதங்களில் காணாமல் போவது இந்தத் திசைதான்.

ஒழுக்கம் என்ற வாதம்

"அதெல்லாம் சரி சார், ஆனா சீருடை இல்லைன்னா பிள்ளைங்க கையில நிக்காது" என்று ஆசிரியர்கள் சொல்வார்கள். அறுபது பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் அறையில் தனியாக நிற்கிறவரின் பேச்சு என்பதால் அதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் சரிபார்க்கலாம்.

அமெரிக்காவில் பெரும்பாலான அரசுப் பள்ளிகளில் சீருடை கிடையாது. 1994-இல் கலிஃபோர்னியாவின் லாங் பீச் கல்வி மாவட்டம் தன் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் சீருடையைக் கட்டாயமாக்கியது. வன்முறை குறைந்துவிட்டது என்று செய்தி வந்தது. 1996-இல் அதிபர் கிளின்டன் நாட்டு மக்களுக்கு ஆற்றிய ஆண்டு உரையிலேயே சீருடையைப் பரிந்துரைத்தார். இரண்டு வருடம் கழித்து, 1998-இல், டேவிட் பிரன்ஸ்மா, கெரி ஆன் ராக்குமோர் என்ற இரு சமூகவியலாளர்கள் நாடு தழுவிய மாணவர் தரவுகளை எடுத்து ஆராய்ந்தார்கள். வருகை, நடத்தை, போதைப் பழக்கம் எதிலும் சீருடையால் நேரடியான பலன் எதுவும் தெரியவில்லை என்பது அவர்கள் முடிவு. லாங் பீச்சில் சீருடையோடு கூடவே வேறு மாற்றங்களும் வந்தன. எது எதை மாற்றியது என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை என்பதும் அவர்கள் சொன்ன குறை.

அமெரிக்க முடிவை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து மதுரையில் வைக்க முடியாதுதான். ஆனால் வாதத்தின் பிழை இரண்டு ஊரிலும் ஒன்று. ஒழுங்கான பள்ளியில் சீருடை ஒழுங்காக இருப்பதைப் பார்த்துவிட்டு, சீருடையால்தான் ஒழுங்கு வந்தது என்கிறோம். நல்ல தலைமையாசிரியர், நின்று பேசும் ஆசிரியர், வீட்டில் கேட்கும் ஆள் இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியாது. சட்டை தெரியும். தெரிகிறதுக்குப் பெயர் போய்விடுகிறது.

தெரிகிறதைப் பிடித்துக்கொண்டே போனால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு ஜப்பான் உதாரணம். ஒசாகாவில் ஒரு மேல்நிலைப் பள்ளி மாணவிக்குப் பிறவியிலேயே பழுப்பு முடி என்று அவள் தரப்பு சொன்னது. பள்ளி விதிப்படி முடிக்குச் சாயம் போடக் கூடாது. அந்த விதியின் பெயரால் அவளைத் திரும்பத் திரும்பக் கறுப்புச் சாயம் பூசச் சொன்னார்கள். அவள் பள்ளிக்கு வருவதே நின்றது. அவள் இருக்கையையும் வருகைப் பதிவில் பெயரையும் எடுத்துவிட்டார்கள். 2017-இல் வழக்குப் போட்டாள். 2021-இல் நீதிமன்றம் இருக்கையையும் பெயரையும் எடுத்தது தவறு என்று 3,30,000 யென் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. ஆனால் விதி செல்லும் என்றது. விதியைக் காப்பாற்றிவிட்டார்கள், பெண் பள்ளியை இழந்தாள். நம்மூரில் 'பாக்ஸ் கட்' வெட்டி வந்த பையனைப் பள்ளி வாசலில் நிறுத்தி, "போய் வெட்டிட்டு வா" என்று அனுப்பும்போது நடப்பதும் சிறிய அளவில் இதேதான். அவன் முடிவெட்டப் போகிறானா, ஆற்றங்கரைக்குப் போகிறானா என்று அனுப்பியவருக்குத் தெரியாது. அன்றைய கணக்குப் பாடம் போனது மட்டும் நிச்சயம்.

மணிக்கட்டில் ஒரு நிறம்

சீருடைக்கு ஆதரவாக உள்ள வாதங்களில் வலுவானது சாதி பற்றியது. தமிழ்நாட்டில் இதை லேசாகப் பேசிவிட முடியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை அவனோடு படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். வெட்டியவர்களும் வெட்டுப்பட்டவனும் ஒரே பள்ளியின் சீருடையை உடுத்தியவர்கள். ஒரே நிறச் சட்டை அவர்களைச் சமமாக்கிவிடவில்லை.

தென்மாவட்டப் பள்ளிகளில் அந்தச் சட்டைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மணிக்கட்டில்தான் சாதி உட்கார்ந்திருக்கிறது. இன்ன சாதிக்கு இன்ன நிறக் கயிறு. பயிற்சி ஐ.ஏ.எஸ். அதிகாரிகள் சிலர் இதைக் கவனித்துச் சொன்னதைத் தொடர்ந்து, 2019-இல் பள்ளிக் கல்வித் துறை கயிறுகளைத் தடுக்கச் சுற்றறிக்கை அனுப்பியது. எதிர்ப்பு கிளம்பியது. பழைய நிலையே தொடரும் என்று அன்றைய அமைச்சர் சொல்லிவிட்டார். நாங்குநேரிக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையும் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி, சாதி நிறம் பூசிய சைக்கிள் ஆகியவற்றைத் தடுக்கப் பரிந்துரைத்தது. பள்ளிகளின் பெயரில் இருக்கும் சாதியையும் எடுக்கச் சொன்னது.

கடுமையான விதியை எதிர்க்கிறவர்கள் இந்த இடத்தில் தடுமாறுவது இயல்பு. கயிறு கட்டுவது அந்தப் பிள்ளையின் உரிமை என்று சொல்ல முடியுமா? முடியாது. ஏனென்றால் அந்தக் கயிறு கட்டியவனைப் பற்றியது மட்டுமில்லை. பக்கத்து பெஞ்சில் கயிறில்லாமல் உட்கார்ந்திருக்கிறவனைப் பற்றியது. "நாங்க இத்தனை பேரு இருக்கோம்" என்று அவனிடம் சொல்வது. ஒரு பிள்ளையின் அலங்காரம் இன்னொரு பிள்ளைக்கு மிரட்டலாக இருக்கும்போது பள்ளி குறுக்கே வந்துதான் ஆக வேண்டும். அதில் கண்டிப்பும் வேண்டும்.

இதிலிருந்து ஒரு அளவுகோல் கிடைக்கிறது. விதியை மீறும் பிள்ளையால் இன்னொரு பிள்ளைக்குத் தீங்கு உண்டா? சாதிக் கயிற்றால் உண்டு. கேன்வாஸ் ஷூ இல்லாததால் இல்லை. இந்த அளவுகோலை வைத்தால் குழுவின் பரிந்துரையில் நெற்றிக்குறியைக் கயிற்றோடு ஒரே வரிசையில் வைத்தது எனக்கு உடன்பாடில்லை. பாட்டி பூசிவிட்ட திருநீறும், பள்ளிக்குள் அணி திரட்டும் குறியும் நெற்றியில் ஒரே இடத்தில்தான் இருக்கும், ஆனால் ஒன்றல்ல. எது எது என்று அந்தப் பள்ளியின் ஆசிரியருக்குத் தெரியும். தெரிந்து, அழைத்துப் பேச வேண்டியது அவர் வேலை. பட்டியல் போட்டுத் தடுப்பது அந்த வேலையிலிருந்து தப்பிக்கும் வழியாகவும் ஆகிவிடலாம்.

இன்னொன்றும் உண்டு. அந்தக் கயிற்றின் நிறத்தைப் பிள்ளை கண்டுபிடிக்கவில்லை. தெருமுனைக் கொடிக்கம்பத்தில், குருபூஜை பேனரில் இருக்கும் நிறம் அது. பெரியவர்கள் கம்பத்தில் ஏற்றியதைப் பிள்ளை கையில் கட்டிக்கொள்கிறது. கையிலிருந்து மட்டும் அறுத்துவிட்டுக் கம்பத்தை விட்டுவைத்தால் யார்மேல் கண்டிப்புக் காட்டினோம் என்ற கேள்வி நிற்கிறது. ஊருக்கு இளைத்தவர்கள் பிள்ளைகள்.

வாசலில் நின்ற பெண்கள்

அதே அளவுகோலை வைத்துக் கர்நாடகத்தைப் பார்க்கலாம். உடுப்பியில் ஒரு அரசு பி.யு. கல்லூரியில் ஹிஜாப் அணிந்து வந்த மாணவிகளை வகுப்பில் விடாததில் தொடங்கியது அது. 2022 பிப்ரவரி 5 அன்று, நிர்வாகம் நிர்ணயித்த சீருடையைத்தான் அணிய வேண்டும் என்று மாநில அரசு ஆணையிட்டது. மார்ச் 15-இல் உயர்நீதிமன்றம் அதை ஏற்றது. அக்டோபர் 13-இல் உச்சநீதிமன்றத்தில் இரு நீதிபதிகள் இரு திசையில் தீர்ப்புச் சொன்னார்கள். நீதிபதி ஹேமந்த் குப்தா அரசாணை செல்லும் என்றார். நீதிபதி சுதான்ஷு துலியா செல்லாது என்றார். தன் மனதில் முதலில் நின்றது பெண்பிள்ளையின் படிப்பு என்று எழுதினார்.

ஹிஜாப் மதத்தில் கட்டாயமா இல்லையா என்று உயர்நீதிமன்றம் விரிவாக ஆராய்ந்தது. அது மார்க்க அறிஞர்களின் கேள்வி. பள்ளியின் கேள்வி அதைவிடச் சின்னது: ஒரு பெண் தலையில் துணி போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் பக்கத்து பெஞ்சுப் பெண்ணின் இயற்பியல் கெட்டுப்போகுமா? கெடாது. ஹிஜாபைக் கேள்வி கேட்க நிறைய இடம் உண்டு. வீட்டின் வற்புறுத்தலா, சொந்த விருப்பமா என்பதை அந்தப் பெண்ணே ஒருநாள் கேட்டுக்கொள்ளலாம். அதற்கு அவள் வகுப்பறைக்கு உள்ளே இருக்க வேண்டும். வாசலில் நிறுத்திவிட்டு விடுதலையைப் பற்றி வகுப்பெடுக்க முடியாது. தமிழ்நாட்டில் கார்த்திகை பிறந்தால் கறுப்பு வேட்டியும் மாலையுமாக வெறுங்காலோடு பையன்கள் பள்ளிக்கு வருகிறார்கள். "சாமி, உக்காரு" என்று ஆசிரியரே சொல்கிறார். சீருடை ஒன்றும் இடிந்து விழவில்லை. அந்த நெகிழ்வு நல்ல நெகிழ்வு. அதை எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்தால் போதும்.

பெண்பிள்ளைகள்மேல் சீருடை விதி எப்போதுமே ஒரு பங்கு அதிகமாக விழுகிறது. பையனிடம் சட்டையை உள்ளே விடச் சொல்வதோடு முடிந்துவிடும். பெண்ணிடம் துப்பட்டாவை இரண்டு தோளிலும் பின் குத்தச் சொல்லி, அதன்மேல் ஓவர்கோட்டும் போடச் சொல்கிறார்கள். மாதவிலக்கு நாளில் வெள்ளைப் பாவாடையோடு எட்டு பீரியட் உட்கார்ந்திருப்பது எப்படி என்று, அந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்த கமிட்டியில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கேரளத்தில் வளையன்சிறங்கர என்ற ஊரின் அரசுத் தொடக்கப் பள்ளி 2018-இல் ஆண், பெண் எல்லாருக்கும் முக்கால் கால்சட்டையும் சட்டையும் என்று மாற்றியது. பள்ளியும் பெற்றோரும் கூடிப் பேசி எடுத்த முடிவு. ஓட, குதிக்க வசதி என்பதுதான் காரணம். அங்கேயும் விதி இருக்கிறது. ஆனால் உடுத்துகிற உடம்பை நினைத்து உருவான விதி.

விதியை யார்மேல் போடுவது

பள்ளிப் பிள்ளைக்குக் கடுமையான சீருடை விதி இன்னும் பொருந்துமா என்ற கேள்விக்கு என் பதில் இதுதான். சீருடை பொருந்தும், கொடுக்கிறவரின் கடமையாக இருக்கும்வரை. உடுக்கிறவரின் குற்றமாக மாறுகிற இடத்தில் அது தன் நியாயத்தை இழந்துவிடுகிறது. கண்டிப்பு வேண்டும் என்றால் முதலில் அரசிடமும் பள்ளி நிர்வாகத்திடமும் காட்டலாம். பிள்ளையிடம் காட்ட வேண்டியது, இன்னொரு பிள்ளைக்குத் தீங்கு வருகிற இடத்தில் மட்டும்.

சட்டமே இந்தத் திசையில்தான் இருக்கிறது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, படிப்பைத் தொடர விடாமல் தடுக்கிற எந்தக் கட்டணத்தையும் செலவையும் பிள்ளைமேல் சுமத்தக் கூடாது என்கிறது. ஷூ வாங்கப் பணமில்லாமல் வீட்டில் நிற்கிற பிள்ளைக்கு அந்தச் செலவு வேறென்ன? 17-ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மனத்துன்புறுத்தலையும் தடை செய்கிறது. காலை வழிபாட்டில் ஆயிரம் பேர் முன்னால், "ஷூ போடாதவங்க எல்லாம் வெளிய வந்து நில்லுங்க" என்பது எந்தக் கணக்கில் வரும் என்று யோசித்துப் பார்க்கலாம். அப்படி வெளியே வந்து நிற்கும் வரிசையைக் கவனித்திருக்கிறவர்களுக்குத் தெரியும், அது ஒழுக்கம் கெட்டவர்களின் வரிசை இல்லை. அப்பா சம்பளம் வராத வீடு, அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிற வீடு, அண்ணனின் ஷூ இன்னும் பெரிதாக இருக்கிற வீடு. வீட்டுக் கஷ்டத்தை உயரவாரியாக நிறுத்திவைத்த வரிசை அது. பேதம் தெரியக் கூடாது என்றுதான் சீருடை வந்தது என்றால், அந்த நேரத்தில் அந்த மைதானத்தில் அதைவிடப் பெரிதாகத் தெரிவது வேறெதுவும் இல்லை.

செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் இல்லை. இலவசச் சீருடையை 12-ஆம் வகுப்பு வரை நீட்டலாம். நெய்யவும் தைக்கவும் சங்கங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. தனியார் பள்ளிகள் டை, முத்திரை பெல்ட், இரண்டாவது ஷூ மூன்றையும் விட்டுவிடலாம். ஒரு பிள்ளையின் படிப்பும் குறையாது. டைரியில் 'வகுப்பில் அனுமதி இல்லை' என்ற வாக்கியத்தை அடித்துவிடலாம். அதற்குப் பதில், தலைமையாசிரியர் அறையில் ஒரு பீரோவில் நாலைந்து அளவில் சட்டையும் ஷூவும் வைத்திருக்கலாம். எட்டாம் வகுப்பு முடித்துப் போகிறவர்கள் விட்டுச் செல்லும் நல்ல உடுப்புகளே போதும். இல்லாமல் வருகிற பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, "இந்தா, இதப் போட்டுக்க, மணி அடிச்சாச்சு, கிளாசுக்குப் போ" என்று அனுப்பலாம். இதைச் சொந்தக் காசில் செய்கிற ஆசிரியர்கள் அரசுப் பள்ளிகளில் இப்போதும் இருக்கிறார்கள். அவர்கள் செய்வதை விதியாக எழுதிவைத்தால் போதும்.